எந்தப் பக்கம் இழுக்கிறது?

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அண்ணிக்கு இருமல் நின்றதா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. பிறகு அண்ணி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அவர் ஏதோ கோபத்துல சொல்றார், நீ மனசுல வச்சுக்காத" என்று சமாதானம் பேச வேண்டியிருக்கிறது. எழுத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

அணைக்கட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கும் குடிநீர் ஆய்வுக்கூடத்துக்கு என்னைத் தலைமைப் பொறுப்பில் வரச் சொல்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை. ஆனால் அதிகாலையில், பம்புகள் ஓடத் தொடங்கும் முன்பே, சோதனைக்கான தண்ணீர் மாதிரியை எடுத்தாக வேண்டும். அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. காரில் ஒரு மணி நேரம். இத்தனை வருடமும் உன் மாப்பிள்ளைதான் தன் ஆபீஸ் போகும் வழியில் என்னை ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார். இந்த வழி அவர் வழி இல்லை.

ஆகவே எனக்கென்று ஒரு கார் வேண்டும். பார்த்தும் வைத்துவிட்டேன். திட்டாதே. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், கையால் மாற்றும் கியர், கரும்பச்சை நிறம். பதினெட்டு வயது. நம் தெருக்கோடியில் இருக்கும் பல் டாக்டருடையது. மகள் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. என்னை அனுப்பிட்டு அதைத் தத்தெடுக்கப் போறியா?" என்றாள்.

விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மதிப்புப் போடுவதே உன் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதை ஓட்டிப் பார்த்துச் சொல்லேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை.

*

மார்ச் 11

அன்புள்ள குண்டூசிக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் இருமல் போய்விட்டது, பேச்சு திரும்பிவிட்டது. உன் கடிதத்தை பஸ்ஸில் வரும்போது படித்தேன். சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

தலைமைப் பொறுப்பு என்பது சந்தோஷமான செய்தி. கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்.

கார் விஷயம் வேறு. பதினெட்டு வயதில் மனிதருக்குத்தான் இளமை, காருக்கு இல்லை. ரப்பர் காய்ந்திருக்கும், குழாய் வெடித்திருக்கும். இந்த மாதிரி வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, அப்புறம் துடைத்து மூடி வைப்பது என்றுதான் ஜாதகம். தினமும் வேலைக்கு ஓட்டினால் பாதி மாதம் மெக்கானிக் வீட்டில் நிற்கும். மழையில் பின்சக்கரம் வழுக்கும். வேகமாக ஓடும் பழைய வண்டிகளை நான் எந்தக் கோலத்தில் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அதே பணத்துக்குச் சின்னதாக, புதியதாக, கியர் தானே மாறுவதாக ஒன்று வாங்கு. சலிப்பான கார்தான் நல்ல கார்.

அண்ணி காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்.

*

மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

சலிப்பான கார் என்று எழுதியிருந்தாய். அண்ணா, நான் சலிப்பான வேலையைப் பிடித்துச் செய்கிறவள். ஒரு பாட்டில் தண்ணீரை மூன்று முறை சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சலிப்பு வேண்டிய இடத்தில் அது என்னிடம் நிறையவே இருக்கிறது.

அந்தச் சாலையை நீ பார்த்ததில்லை. ஏற்றம். இரண்டே வரிசை. கல் ஏற்றிய லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். சின்ன வண்டியில் ஒரு லாரியைத் தாண்டுவதற்குள் எதிரே இன்னொன்று வந்துவிடும். வலு வேண்டும். இது ஒரு காரணம்.

காரணமே வேண்டாம் என்றால் உண்மையைச் சொல்கிறேன். சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது கியரில் ஏற்றத்தில் மிதித்தேன். முதுகைப் பின்னால் இருந்து யாரோ தாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாக, "இழுக்கும்மா, நல்லா இழுக்கும். கையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அந்த இழுப்பை என்னவென்று எழுத! வீட்டுக்கு வந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், மகள் சொல்கிறாள்.

உன் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "நானே கொண்டு விடறேன்னு சொல்றேன்ல?" என்றார்.

"அங்க விட்டுட்டு நீங்க ஆபீஸ் போய்ச் சேர மத்தியானம் ஆயிடுமே?"

"அப்ப அந்த வேலை எதுக்கு? இங்கயே இருக்கலாமே."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். பதில் சொன்னால் கார் பேச்சு காணாமல் போய் வேறு பேச்சு வந்திருக்கும்.

நீ எப்போது வருகிறாய்? நீ ஏன் பஸ்ஸில் போகிறாய்? வண்டியில்லாமல் விபத்து நடந்த இடத்துக்கெல்லாம் உன்னால் எப்படிப் போக முடிகிறது?

அன்புத் தங்கை.

*

மார்ச் 24

குண்டூசிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எந்தப் பக்கம் இழுக்கிறது?

அண்ணன்.

*

மார்ச் 29

அண்ணாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். கிண்டல் செய்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது.

இரண்டு பக்கம் எழுதினேன். பதிலுக்கு ஒரு வரி, அதுவும் நக்கல். எந்தப் பக்கம் இழுக்கிறதாம்! முன்பக்கம்தான், வேறு எந்தப் பக்கம்? பின்பக்கமா இழுக்கும்? ஆசையாக ஒன்றைச் சொல்ல வந்தால் அதைத் தட்டிவிடுவது சின்ன வயதிலிருந்து உனக்கு வழக்கம். நான் கல்லூரியில் சேதியியல் எடுப்பேன் என்றபோதும் "எந்தச் சேதி?" என்று கேட்டாய். வேதியியல் என்று சரியாகச் சொல்ல வராத வயதா எனக்கு? அவசரத்தில் வாய் தவறியது.

உன் மாப்பிள்ளைகூட நேராக 'வேண்டாம்' என்கிறார். நீ சுற்றி வளைக்கிறாய். வந்து பார் என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அந்த வரி உன் கண்ணில் படவே இல்லை. ஊரார் வண்டியைப் பார்க்க எங்கெங்கோ போகிறாய். தங்கையின் வண்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

சரி. நான் வாங்கத்தான் போகிறேன்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல். உனக்கு இந்த முறை இல்லை.

*

ஏப்ரல் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் வெறும் காபியோடு போகாதே.

நான் கிண்டல் செய்யவில்லை. என் தொழிலில் "வண்டி இழுக்கிறது" என்றால் ஒரே ஒரு அர்த்தம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். அதுவும் "கையை விட்டுடாதீங்க" என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் பெருமை பேசவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். எச்சரித்திருக்கிறார். நீ ஏற்றத்தில் இருந்த சந்தோஷத்தில் உனக்கு வேண்டியதைக் காதில் போட்டுக்கொண்டாய்.

ஆளில்லாத சமதளச் சாலையாகப் பார். மிதமான வேகத்தில் போய்க் கையைத் தளர்த்து, ஆனால் ஸ்டியரிங்கை விட்டு எடுக்காதே. ஓடும்போதே ஒதுங்கினால் சக்கரக் கோணமோ, அடிச்சட்டமோ கோணியிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒதுங்கினால் பிரேக்கில் கோளாறு. முன்னது என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. எங்கோ பலமாக இடித்து, நீட்டி நிமிர்த்தி, பச்சை பூசியிருக்கிறார்கள். அடிச்சட்டம் கோணிய வண்டியை எவராலும் பழையபடி ஆக்க முடியாது.

நான் வரவில்லையே என்று நினைக்காதே. ஆபீசில் நாற்காலி வேலை அதிகமாகிவிட்டது. படம் அனுப்புகிறார்கள், பார்த்து எழுதுகிறேன்.

உன் கையும் காதும் போதும். நீயே பார்.

அண்ணன்.

*

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். வெறும் காபியோடுதான் போனேன், ஒன்றும் ஆகவில்லை.

பார்த்தேன். விமான ஓடுதளம் மாதிரி நீளமான கிடங்குச் சாலை ஒன்று இருக்கிறது, விடுமுறை நாளில் ஒரு ஈ காக்கை இருக்காது. பல் டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் முறை இடது பக்கம் ஒதுங்கியது. ஆனால் ஒரு சோதனையை நம்பிக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லையே. சாலையே ஒரு பக்கம் சரிந்திருந்தால்? திருப்பி எதிர்த்திசையில் ஓட்டினேன். வண்டியில் குறை என்றால் மறுபடியும் இடது பக்கமே போக வேண்டும். சாலையில் சரிவு என்றால் வலது பக்கம் போகும். போகப் போக, வலது பக்கம் சாய்ந்தது! மூன்று முறை, இரண்டு திசையிலும். சரிவு சாலையுடையது, வண்டியுடையது இல்லை.

பிறகு பிரேக். இரண்டு திசையிலும், ஒவ்வொரு முறையும், இடது பக்கம் வெடுக்கென்று போனது. நீ கேட்டது நியாயமான கேள்விதான். ஒப்புக்கொள்கிறேன். இதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

பல் டாக்டரைப் பார்த்துக் கேட்டேன், "என்ன டாக்டர், இப்படி இழுக்குது?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா, நல்லா இழுக்கும்னு! கையை விடாதீங்கன்னும் சொன்னேன். நீங்க ஏன் அப்படிச் சிரிச்சீங்கன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சேன்."

"பிரேக் பிடிச்சா இழுக்கும்னு சொல்லியிருக்கலாமே?"

"பல்லு வலிக்குதுன்னுதான் சொல்வாங்க. எந்தப் பல்லுன்னு நான்தான் தட்டிப் பாக்கணும். நீங்களும் தட்டிப் பாப்பீங்கன்னு நினைச்சேன்."

கோபப்பட முடியவில்லை. மனிதர் பொய் சொல்லவில்லை.

வீட்டில் உன் மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். "பாத்தியா, நல்ல வேளை" என்றார். எனக்காக வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் உடனே, "அவங்களுக்கு இன்னும் பதில் சொல்லலைல்ல? அப்ப நல்லதாப் போச்சு" என்றார். காரும் வேலையும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. காரில் ஓட்டை விழுந்தால் வேலை தானாக ஒழுகிப் போய்விடும்.

இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மெக்கானிக் கூடத்தில் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கப் போகிறேன். பக்கத்தில் நீ நிற்க வேண்டும். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். வா. வர முடியாது என்றால் ஏன் என்று எழுது. நாற்காலி வேலை என்று எழுதாதே. நீ நாற்காலியில் உட்கார்கிற ஆள் இல்லை.

தங்கை.

*

ஏப்ரல் 22

அன்புள்ள குண்டூசிக்கு,

இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்தாயா! எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு இது தோன்றாது. இன்று காலை எல்லோரிடமும் சொன்னேன். என் தங்கை என்றும் சொன்னேன்.

கேட்டதற்குப் பதில். எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம், கிளாக்கோமா என்கிறார்கள். ஓரப் பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறது, உன் எழுத்தும் தெரிகிறது. பக்கவாட்டில் வருவது தெரியாது. போன ஜனவரியில் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மருந்து விடுகிறேன். இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். போனது போனதுதான்.

சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. சொன்னால் நீ அழுவாய், அப்புறம் அண்ணி என்னிடமிருந்து போனை வாங்கிச் சமாதானம் சொல்ல வேண்டும்.

அண்ணி தினமும் ஆபீஸ் வரை கொண்டு விடுகிறேன் என்கிறாள். நான் பஸ்ஸில் போகிறேன். பஸ் பரவாயில்லை. பஸ் ஓட்டுபவர் எனக்குத் தெரிந்தவர் இல்லை, தெரிந்தவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் கஷ்டம்.

அந்தக் கார் வேண்டாம் என்று பல காரணம் எழுதினேன். அவற்றில் பாதி காரைப் பற்றியவை.

அடியில் பார்க்கும்போது: அடிச்சட்டத்தின் ஒரு முன் மூலையிலிருந்து எதிர்ப் பின் மூலைக்குக் குறுக்காக நாடாவால் அள. மறு குறுக்கையும் அள. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜினை மூடும் பானட்டின் இரு ஓர இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் பெயின்ட் வேறு நிறமா என்று விளக்கு அடித்துப் பார்.

பார்த்துவிட்டு நீயே முடிவு செய். நான் என்ன சொல்வேன் என்று யோசிக்காதே.

அண்ணன்.

*

மே 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

அழவில்லை. மகள் கேட்டாள், கண்ணில் தூசி என்றேன். நீ என்ன மருந்து விடுகிறாய், எத்தனை வேளை, எந்த டாக்டர் என்று அண்ணி எனக்குத் தனியாக எழுத வேண்டும். இதை அவளிடம் படித்துக் காட்டு.

வண்டியைத் தூக்கினோம். நாடாவை ஒரு முனையில் மெக்கானிக் பிடித்தார், மறுமுனையில் நான். மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை அவர், "அக்கா, அது வளராது" என்றார். இரண்டு குறுக்கும் ஒன்றுதான். உள்பக்கம் எல்லா இடத்திலும் தொழிற்சாலையில் அடித்த அதே பச்சை. எங்கும் இடித்த வண்டி இல்லை.

வலது முன்சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் பகுதி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பல் டாக்டர் முழங்கால் அறுவைக்குப் பிறகு வண்டியை ஒரு வருடம் நிறுத்தியே வைத்திருந்தாராம். வலது பக்கம் பிடிக்காததால் இடது பக்கம் மட்டும் பிடித்து வண்டியை இழுத்திருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். ரப்பர் குழாய்களும் புதியவை. நீ சொன்ன மாதிரியே காய்ந்து போயிருந்தன. நான்கு டயரும் மாற்றினேன். அதன் பிறகு கிடங்குச் சாலைக்குப் போய் இரண்டு திசையிலும் பிரேக் பிடித்தேன். கோடு போட்ட மாதிரி நின்றது.

வாங்கிவிட்டேன். நேற்று ஆய்வுக்கூடத்துக்கும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன்.

உன் மாப்பிள்ளையிடம் சாப்பிடும்போது சொன்னேன். "ரெண்டுமே முடிச்சுட்டேன்" என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். "கேட்டேன். நீங்க பதில் சொன்னீங்க. அந்தப் பதில் எனக்குச் சரியா வரலை" என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுச் சாப்பிட்டேன். பசித்தது.

இன்று மாலை வண்டியைக் கொண்டுவந்தேன். அவர் தன் காரைத் தெருவில் நிறுத்தியிருந்தார். வீட்டுக்குள் கார் நிறுத்தும் இடம் காலியாக இருந்தது. அவர் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல உக்காரணுமா, படுத்துக்கணுமா?" என்றார்.

அவர் சமாதானம் இப்படித்தான் தொடங்கும்.

தங்கை.

*

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ எழுதவில்லை என்றாலும் கண் மருந்து தவறாமல் விடுகிறாய் என்று அண்ணியின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒரு மாதமாகத் தினமும் போய் வருகிறேன். நீ எழுதியதில் சில பலித்தன. ஒரு நாள் ரேடியேட்டர் தொப்பி கசிந்து ஏற்றத்தின் பாதியில் புகை விட்டது. ஓரமாக நிறுத்தி, ஆறட்டும் என்று காத்திருந்து, மாதிரிப் பாட்டில்களைக் கழுவ வைத்திருந்த சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் என் உதவியாளர், "மேடம், அந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார். மழையில் பின்சக்கரம் ஒரு முறை நழுவியது. அன்றிலிருந்து வளைவில் காலை மெதுவாக வைக்கிறேன். பெட்ரோலை நன்றாகக் குடிக்கிறது. ஆனால் அந்தப் புகை விட்ட நாளைத் தவிர ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. லாரியைத் தாண்ட வேண்டிய இடத்தில் தாண்டுகிறேன். தாண்ட வேண்டாத இடத்தில் பின்னாலேயே போகிறேன், வலு கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பொறுமை வந்துவிடுகிறது.

உன் மாப்பிள்ளை இப்போது காலையில் நான் கிளம்பும்போது எழுந்துவிடுகிறார். என்ஜின் சத்தத்தில் தூங்க முடியவில்லையாம். எழுந்து காபி போடுகிறார். சுமாராக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். இந்த முறை வந்து வண்டியைப் பார் என்று கேட்கவில்லை. வந்து என்னோடு அணைக்கட்டு வரை வா. நான் ஓட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார வேண்டும். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன் பஸ் ஓட்டுபவர் போல நானும் தெரியாதவளாக இருக்க முடியாது. உனக்கு வேண்டுமானால் பேசாமல் வருகிறேன்.

வராவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். மறுபடியும் கேட்பேன்.

தங்கை.

*

ஜூலை 15

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். மருந்து விடுகிறேன். பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். மூன்று முறை எழுதத் தொடங்கினேன், மூன்று முறையும் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு ரயில். சனிக்கிழமை காலை ஸ்டேஷன் வாசலில் நில். நீதான் ஓட்டுகிறாய். பேசாமல் வர வேண்டாம், பேசு. நான்தான் பேசாமல் வரப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது.

திடீரென்று உன்னிடம் வந்து அவமானப்பட வேண்டாமே என்று, இந்த வாரம் முழுக்க அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆபீஸ் போகிறேன். முதல் நாள் என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் "பாத்து, பாத்து" என்றேன். நேற்று அண்ணி பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இப்படியே வர்றதா இருந்தா இங்கயே இறங்கி நடந்து வாங்க" என்றாள்.

கதவில் கை வைத்தேன்.

இறங்கவில்லை.

அண்ணன்.